மூணு நாட்டு மதகும் அங்காயியும்

கிட்ட வா கண்ணு. இன்னும் கிட்ட. போர்வையை இழுத்துக்கோ. கதை நிக்கிற இடத்துல 'ம்' கொட்டணும். கொட்டலைன்னா கதை நகராது, ஆமா.

ஒரு ஊர்ல ஒரு அங்காயி இருந்தா. ஆத்துக்குக் கடைக்கோடியில இருந்துச்சு அந்த ஊரு. மழை பெய்யுது, ஆத்துல தண்ணி வருதுன்னு ஊரே நம்பி நாத்து விட்டுச்சு. அங்காயியும் தன் துண்டு நிலத்துல விட்டா. கிளிக்குஞ்சு மாதிரி பச்சையா முளைச்சுது. ஆனா தண்ணியைக் காணோம். நாத்து நுனி கருக ஆரம்பிச்சுது. இந்த நாத்தும் போச்சுன்னா விதைநெல்லு கிடையாது, வருஷம் பூரா பட்டினிதான்.

ஏன் தண்ணி வரலை? ஆத்துல மேலேருந்து கீழ வரைக்கும் மூணு நாடு. மூணு நாட்டுலயும் மதகு. மூணும் மூடிக்கெடந்துச்சு.

"நான் போயி திறந்துட்டு வர்றேன்"னா அங்காயி.

ஊரே சிரிச்சுது. "பெரிய பெரிய ஆளுங்க போயே வெறுங்கையோட வந்தாங்க. நீ போயி என்னத்தைக் கிழிக்கப் போற?"

"கிழிக்கவா போறேன்? திறக்கத்தானே போறேன்"னு சொல்லிட்டு, கம்மஞ்சோத்தைத் துணியில முடிஞ்சுக்கிட்டு சரக்கு சரக்குன்னு கரையோட நடந்தா.

ம் எங்க? ...ஆங்.

எடுத்ததும் உச்சியில இருந்த நாட்டுக்குத்தான் போனா. அங்க எல்லாம் ராஜா வச்சதுதான் சட்டம். ராஜா கொட்டாவி விட்டா ஊரே பாய் விரிக்கணும். மதகைக் காக்கிற காவக்காரன் அவ காதுல குசுகுசுன்னு சொன்னான்: "வெள்ளம் வந்தப்போ ராஜா மூடச் சொன்னாரு. வெள்ளம் வடிஞ்சும் போச்சு. திறக்கச் சொல்ல மறந்துட்டாரு தாயி."

"ஞாபகப்படுத்த வேண்டியதுதானே?"

"ராஜாவுக்கு மறதின்னு சொன்னா நம்ம தலை இருக்குமா?"

அப்போ அங்காயி நேரா அரண்மனைக்குப் போயி கும்பிட்டு நின்னா. "மகாராஜா, மதகை மூடுறதுல உங்களை மிஞ்ச ஆளே இல்லைன்னாங்க. ஒரு சொட்டு ஒழுகலை! ஆனா எங்க பக்கம் ஒரு கேலிப் பேச்சு இருக்கு..."

"என்ன பேச்சு?"

"ராஜாவால மூடத்தான் முடியுமாம். திறக்கணும்னா மழைராசனே வரணுமாம்."

ராஜா மீசை விறைச்சுக்கிட்டு நின்னுது. "எவண்டா அவன் மழைராசன்? திறங்கடா!"

கிரீச்ச்ச்... கடகடகட... ஹோன்னு பாஞ்சுது தண்ணி!

அங்காயி யோசிச்சா. இந்த வாயி திறன்னு சொன்ன மாதிரியே நாளைக்கு மூடுன்னும் சொல்லுமே? உடனே சொன்னா: "மகாராஜா, கீழ நாட்டுக்காரங்க இதை நம்பணுமே! மதகுப் பலகையைக் குடுங்க, ஊர் ஊரா காட்டி உங்க பெருமையைச் சொல்றேன்."

ராஜாவுக்குப் பெருமை தாங்கலை. "குடுங்கடா!"ன்னான். பலகையே போனப்புறம் எதை வச்சு மூடுவான்? அங்காயி அதைத் தண்ணியில மிதக்கவிட்டு மேல ஏறி உக்காந்தா. சர்ர்ர்ருன்னு போகுது பலகை!

ம்... நல்லா சிரி.

அப்புறம் ரெண்டாவது நாடு. டம்முனு அந்த மதகுல முட்டி நின்னுது பலகை. அங்க ராஜா கிடையாது. பெருந்தனக்காரங்க ஏழு பேரு ஜமக்காளம் விரிச்சு உக்காந்து ஆளுவாங்க. ஏழு பேரும் 'ம்' சொன்னாத்தான் காரியம் நடக்கும். ஒருத்தர் 'ஊஹூம்'னாலும் போச்சு. ஆனா சபையில சொன்ன 'ம்'மை யாரும் திருப்பி வாங்க முடியாது. அவங்களுக்குள்ள ஆகவும் ஆகாது. ஒருத்தர் 'ம்'னா அதுக்குன்னே இன்னொருத்தர் 'ஊஹூம்'பாரு. நாலு தடவை கேட்டா அங்காயி, நாலு தடவையும் ஊஹூம்.

அப்போ அவ வீடு வீடாப் போனா. மூத்தவர் வாசல்ல நின்னு உச்சுக்கொட்டினா. "பாவம் ஐயா நீங்க. மத்த ஆறு பேரும் மதகு மூடியே கிடக்கட்டும்கிறாங்க. நீங்க ஒத்தை ஆளு, என்ன பண்ண முடியும்?"

"என்னது? அந்த ஆறு பயலும் சொன்னா நான் கேட்டுக்கணுமா? நாளைக்கு வா, நான் 'ம்'முங்கிறேன். என்ன பண்றானுங்கன்னு பாக்குறேன்!"

அடுத்த வாசல்லயும் அதே உச்சு. அதுக்கடுத்த வாசல்லயும் அதே உச்சு.

மறுநாள் சபை கூடுச்சு. "மதகைத் திறக்கலாமா?"ன்னு கேட்டாங்க. ஏழு பேரும் நெஞ்சை நிமித்திக்கிட்டு ஒரே குரலா "ம்!" சொன்னதும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்து முழிச்சாங்க பாரு! அதுக்குள்ள கிரீச்ச்... ஹோ! பலகை கிளம்பிடுச்சு, அங்காயியும் கிளம்பிட்டா.

தூங்கிட்டியா? ...ம், சரி.

மூணாவது நாட்டுல ராஜாவும் இல்லை, பெருந்தனமும் இல்லை. எல்லாரும் ஆலமரத்தடியில கூடி பானையில கல்லு போடுவாங்க. வெள்ளைக்கல்லுன்னா சரி. கறுப்புக்கல்லுன்னா முடியாது. எது அதிகமோ அது நடக்கும். "அப்பாடா, இது நியாயமான ஊரு, இங்க ஒரு தந்திரமும் வேண்டாம்"னு கை ரெண்டையும் கூப்பி வாய்விட்டுக் கேட்டா அங்காயி.

டொக் டொக் டொக். பானையைக் கவுத்தாங்க. கறுப்பு, கறுப்பு, ஒரே கறுப்பு.

அங்காயிக்குக் கண்ணு கலங்கிடுச்சு. தலை குனிஞ்சு நின்னா. அப்போதான் எல்லார் காலும் கண்ணுல பட்டுச்சு. எல்லாம் ஈரக்காலு! முழங்கால் வரைக்கும் சேறு. காஞ்ச காலு ஒண்ணு கூட இல்லை. ஓஹோன்னு நினைச்சா. மதகுக்கு மேல நிலம் இருக்கிறவங்க மட்டும் வந்திருக்காங்க. மதகுக்குக் கீழயும் இவங்க நாடு கிடக்கே, அந்த ஆளுங்க எங்க?

ஓடுனா. கீழக்கோடியில நிலம் பாளம் பாளமா வெடிச்சுக் கெடந்துச்சு. சடைச்சின்னு ஒருத்தி ஊத்து தோண்டி அகப்பையில தண்ணி மொண்டுக்கிட்டிருந்தா.

"ஏன்க்கா, கல்லு போட வரலை?"

"நீ ஒருத்தி! ஆலமரம் அங்க, நாங்க இங்க. குடத்தைத் தூக்கவே பொழுது பத்தலை. எங்க கல்லு வந்து என்ன ஆகப் போகுது?"

"கல்லு வந்தா தண்ணி வரும். தண்ணி வந்தா நீ ஏன் குடம் தூக்கப் போற?"

சடைச்சி அகப்பையைக் கீழ போட்டா. இடுப்புல கையை வச்சு ஒரு சத்தம் குடுத்தா பாரு, கீழக்கோடியே திரும்பிப் பாத்துச்சு! டம் டம் டம்னு தப்பு அடிச்சுக்கிட்டு, புழுதி பறக்க வந்தாங்க காஞ்ச காலுக்காரங்க. அந்த நாட்டுல யார் கேட்டாலும் மறுபடி கல்லு போடணும். அதுதான் சட்டம். சடைச்சி கேட்டா.

டொக் டொக் டொக் டொக். பானை நிறைஞ்சு வழிஞ்சுது. கவுத்தா, மல்லிப்பூ கொட்டுன மாதிரி ஒரே வெள்ளை!

"இத்தனை நாளா எங்கய்யா இருந்தீங்க?"ன்னு ஒரு ஈரக்காலுக்காரர் முனகினாரு.

"உங்களுக்குக் கீழதான்"னா சடைச்சி.

கிரீச்ச்ச்... ஹோ!

அங்காயி ஊருக்குள்ள வர்றப்போ தண்ணியும் கூடவே நுரைச்சுக்கிட்டு வந்துச்சு. ஊரே குலவை போட்டுச்சு, குலுலுலுலு! "அங்காயியை ராணியாக்கு!"ன்னு பாதி ஊரு கத்துச்சு. "ஏழு பேரை வைப்போம்"னு கொஞ்சம் பேரு. "கல்லு போடுவோம்"னு மீதிப் பேரு.

"எந்த நாடு ஒசத்தின்னு பாத்தவ நீதானே, நீயே சொல்லு!"ன்னாங்க.

"ராஜா சொன்னா நொடியில திறக்கும், நொடியில மூடும். ஏழு பேரு சொன்னா மாறாது, ஆனா சொல்லவே மாட்டாங்க. கல்லு போடுறதுதான் நல்லது, கோடியில இருக்கிறவன் வந்து போட்டா. அதனால நாம கல்லே போடுவோம். ஆனா கூட்டம் மட்டும் ஊர்க்கோடியில, கடைசி வயல்ல."

"அப்போ முதத் தண்ணி யாருக்கு?"ன்னு கேட்டாங்க.

வாய்க்காலை ஒட்டுன முத வயலு அங்காயியோடது. தண்ணி களகளன்னு வந்து அவ வரப்பை முட்டுச்சு. கருகுன நாத்து எதிர்லயே நிக்குது. அங்காயி சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு வாய்க்கால்ல இறங்குனா. ரெண்டு கையாலயும் சேத்தை அள்ளி, தன் வயல் வாயைப் பொத்துன்னு அடைச்சா, தண்ணி கடைசி வயலுக்குப் போகட்டும்னு.

தண்ணியும் போய்ச் சேந்துச்சு, கதையும் போய்ச் சேந்துச்சு. நீயும் கண்ணை மூடு தங்கம்.