ஒரு கையால் நின்ற தீர்மானம்

எங்கள் மாவட்டத்து மாணவர்களுக்கு நடந்த அநீதிகளை வரிசை மாறாமல் சொல்கிறேன். முதலாவது, வெளிநாட்டில் மாணவர் மாநாடு நடப்பதையே எங்களுக்குச் சொல்லவில்லை. தலைநகரத்துப் பிள்ளைகள் போய்த் திரும்பிய பிறகு பத்திரிகையில் படம் பார்த்தோம். இரண்டாவது, ஊர்வலம் போய்க் கேட்ட பிறகு ஓர் இடம் தந்தார்கள். தந்த கையோடு ஓர் அதிகாரியின் மருமகனை அதில் உட்கார வைத்தார்கள். அவன் கொண்டுவந்ததெல்லாம் ஒரு கம்பளிச் சட்டை. மூன்றாவது, மறியல் செய்து எங்கள் பையன் ஒருவனையே அனுப்பினோம். எதிர்க்கேள்வி கேட்டுப் பழகாத பிள்ளை. அங்கே முதல் கேள்விக்கே சிரித்துத் தலையாட்டிவிட்டான். நம் கடலைப் பற்றி அவர்கள் எழுதிய தீர்மானத்தில் நம் சம்மதமும் சேர்ந்துகொண்டது.

முதல் இரண்டும் பிறர் செய்தவை. மூன்றாவதற்கு மருந்து எங்களிடமே இருந்தது. அதற்காகத்தான் பயிற்சி முகாம் தொடங்கினோம். அதன் விதிகளை எழுதியவர்களில் நானும் ஒருவன். இன்றுவரை அதில் எனக்குப் பெருமைதான்.

விதிகளைக் கேளுங்கள். விவாதத்தில் எந்தப் பக்கத்துக்கு யார் பேசுவது என்பது சீட்டுக் குலுக்கி முடிவாகும். தன் எதிரியின் நாற்காலி, அதாவது எதிரிக்காகப் பேசும் பொறுப்பு, விழுந்தாலும் மனதாரப் பேச வேண்டும். பிறகு எல்லாரும், பேசியவர்கள் உட்பட, தங்கள் மனப்படி கை தூக்கலாம். எந்தப் பக்கம் வெல்கிறதோ அதற்குப் பேசியவரே பிரதிநிதி. ஆனால் முகாமில் நிறைவேறிய தீர்மானத்தைத்தான் அவர் மாநாட்டில் சொல்ல வேண்டும். மறுத்தால் இடம் எதிர்ப்பக்கத்துக்குப் பேசியவருக்குப் போகும். நிறைவேறியதைத் திரும்ப எடுக்கச் சொல்லும் உரிமை, அதற்குக் கை தூக்கியவர்களுக்கு மட்டுமே உண்டு. தோற்றவர்கள் ஓயாமல் கிளறக் கூடாதல்லவா? அப்படி மறுவிவாதம் வந்தால் நாற்காலி கிடையாது. அவரவர் சொந்தக் கருத்தைப் பேசலாம், அதிலும் வென்ற பக்கத்துக்குப் பேசியவரே பிரதிநிதி.

இந்த ஆண்டு நார்வே நாட்டில் மாநாடு. எங்களுக்கு ஒரே இடம். எங்கள் கரையில் தனியார் துறைமுகம் வரலாமா, கூடாதா என்பதே பொருள். மண்டபம் கொதித்துக் கொண்டிருந்தது.

துறைமுகக் கம்பெனியின் நாற்காலி யாருக்கு விழுந்தது தெரியுமா? ஜெனோவாவுக்கு. துறைமுகம் வந்தால் முதலில் காலியாகப் போகிற மணல்மேட்டுத்துறையில், கடலுக்குப் போகிற சூசையின் மகள். ‘அங்கே நம்ம கரையைப் பத்திச் சொல்லுவேன்’ என்று ஊருக்கே வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவள். கரைக்காகப் பேசும் நாற்காலி, கடலை விடுமுறைக்கு மட்டும் பார்த்திருக்கிற கோவில்பட்டி இசக்கிராஜுக்கு விழுந்தது.

“ஏல இசக்கி, மெதுவா அடி. நான் இன்னிக்குக் கம்பெனிக்காரி” என்று சிரித்துக்கொண்டே எழுந்தாள்.

“கம்பெனிக்காரிக்கு டீயும் கம்பெனியே வாங்கித் தருமா?” என்றான் அவன். மண்டபம் சிரித்தது. அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை.

“புயல் கூண்டு ஏத்துனா வள்ளத்த எங்க கொண்டு கட்டுவீங்க? இப்ப மணல்ல ஏத்திப் போட்டு, விடிய விடியக் காவல் இருக்கீங்க. கடலுக்குள்ள நாங்க கட்டுற சுவருக்குள்ள வந்தா அலையே கிடையாது. வேண்டாம்னு சொல்லுங்க பாப்போம்” என்று தொடங்கினாள் ஜெனோவா.

இசக்கிராஜ் உரிமை என்றான், வரலாறு என்றான். “நான் கேட்டது வள்ளத்த” என்றாள் அவள். அவன் குறிப்புத் தாளை மடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

கைகள் உயர்ந்தன. துறைமுகம் வரலாம் என்ற தீர்மானம் ஒரே ஒரு கை கூடுதலாகப் பெற்று நிறைவேறியது. அதற்காகப் பேசிய ஜெனோவா எதிராகக் கை தூக்கியிருந்தாள். எதிராகப் பேசிய இசக்கிராஜ் ஆதரவாகத் தூக்கியிருந்தான்.

“என்னல இது?” என்று பக்கத்தில் இருந்தவன் அவன் சட்டையை இழுத்தான்.

“பதில் தெரியாதவன் ஒத்துக்கிடணும். இல்லாட்டி நானும் அந்த மருமவனும் ஒண்ணு” என்றான் அவன்.

ஜெனோவா முகாம் தலைவரிடம் போனாள். “சுடலைமுத்து அண்ணாச்சி, என்னை அனுப்புங்க. ஆனா இந்தத் தீர்மானத்தை என் வாயால அங்க சொல்ல மாட்டேன். எங்க ஊரு முகத்துல எப்படி முழிப்பேன்?”

“நீ வென்னது நெசம்தாம்மா. ஆனா இன்னிக்கு உனக்காக விதியை வளைச்சா, நாளைக்கு என் மருமவனுக்காகவும் வளைக்கச் சொல்லுவாங்க. தீர்மானத்தோட போ, இல்ல இடத்தை விடு.”

“அப்ப விட்டுட்டேன்” என்றாள், தலை நிமிர்ந்தபடியே.

விதிப்படி இடம் இசக்கிராஜுக்கு. அவன் அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கியவனும்கூட, சொல்வதில் தடையில்லை. தலைவர் அவனைப் பார்த்தார். அவன் எழுந்து நின்றான்.

இங்கே நிறுத்துகிறேன். வாசகரே, மனதில் இல்லாததைப் பேசி வென்று இடத்தை விட்ட ஜெனோவா, பேசியதற்கு மாறாகக் கை தூக்கிய இசக்கிராஜ், விதியை வளைக்காத சுடலைமுத்து ஆகியோரில் யார் செய்தது சரி? ஒரு விதியும் உடையாமல் ஜெனோவா தன் ஊருக்குக் கொடுத்த வாக்கோடு நார்வே போக வழி உண்டா?

விடை: மூவரும் செய்தது சரியே, வழியும் அதனால்தான் பிறந்தது. ஜெனோவா தன் பேச்சுக்கு ஆதரவாகக் கை தூக்காததால், தீர்மானத்தைத் திரும்ப எடுக்கச் சொல்லும் உரிமை அவளுக்கு இல்லை. தூக்கிய எவரும் கேட்டிருக்கலாம். கேட்டவன், கேட்டால் இடத்தை இழக்கிறவன். “மறுவிவாதம் வேணும் அண்ணாச்சி. வள்ளத்துக்குப் பதில் எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். இப்ப அவளைக் கேளுங்க” என்றான் இசக்கிராஜ். அவள் தன் வாயால் சொன்னாள்: “சுவர் கட்டுன இடத்துல மணல் சேரும், அடுத்த ஊரைக் கடல் தின்னும். புயலன்னிக்கு உள்ள விடச் சொன்னா, கேட்டுல நிக்கிற வாட்ச்மேன் பாஸ் கேப்பான். அது எங்க வள்ளத்துக்குக் கட்டுன சுவர் இல்ல.” துறைமுகம் கூடாது என்று மறுபடி கைகள் உயர்ந்தபோது எண்ணத் தேவையே இருக்கவில்லை. சுடலைமுத்து மேடையின் முன்பக்கம் வந்தார். கூடியிருந்த அத்தனை பேரையும் சாட்சிக்கு எழுந்து நிற்கச் சொல்லி, எங்கள் பிரதிநிதியின் பெயரை உரக்க வாசித்தார்: “மணல்மேட்டுத்துறை, சூசை மகள், ஜெனோவா.”