வேட்டியின் நிறம்

“ரெண்டு வருஷப் படிப்பை ஒரே வருஷத்துல முடிச்சாகணும், மேடம். நீங்க கையெழுத்துப் போட்டா போதும்.”

சாருமதி தன் திட்டத்தை மேசைமேல் வைத்தாள்.

கலை வரலாற்றுத் துறையின் ஆசிரியை ஹெப்சிபா அதைத் தொடவில்லை.

“என்ன அவசரம்?”

“விதியில இடம் இருக்கு, மேடம். ஆய்வேட்டுத் திட்டம் முன்கூட்டியே தயாரா இருந்தா விரைவுப் படிப்புல சேரலாம். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.”

“இடம் இருக்கான்னு கேக்கலை. என்ன அவசரம்னு கேட்டேன்.”

சாருமதி மேசைமேல் இருந்த தாளை நேராக்கினாள்.

பதில் இருந்தது. அது வாய்க்கு வரும் பதில் அன்று.

அவளுக்கு வயது நாற்பத்தேழு. ஆசிரியைக்கு முப்பத்திரண்டு. முதல் நாள் சாருமதி வகுப்பறைக்குள் நுழைந்தபோது மாணவர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். அவள் தலை குனிந்தபடி கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான் அவர்களுக்கு விஷயம் விளங்கியது.

“சாரி ஆன்ட்டி, மேடம்னு நெனச்சுட்டோம்,” என்றாள் ஒருத்தி.

“பரவாயில்லடி, ஆன்ட்டிக்கு வருகைப் பதிவு எடுக்கவும் தெரியும்,” என்றாள் இன்னொருத்தி.

அதன்பின் ஹெப்சிபா வந்தார். முதுகில் பை, காலில் ரப்பர் செருப்பு. ஒருமுறை ஏமாந்த வகுப்பு மறுமுறை எழவில்லை.

சாருமதியின் காதுமடல்கள் அன்று மாலைவரை சுட்டன. இரண்டு ஆண்டுகள் இதைத் தாங்க இயலாது. ஓராண்டு என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம்.

இதை எப்படிச் சொல்வது? அதுவும், வகுப்பு எழுந்து நின்று வணங்காத அந்தப் பெண்ணிடமே?

ஹெப்சிபா தாளை எடுத்தார்.

“தலைப்பைச் சொல்லுங்க.”

“விளாங்கரைக் கோயில் தட்சிணாமூர்த்தி, மேடம். கல்லால மரத்தடியில பேசாமப் பாடம் சொல்ற குரு. எல்லாக் கோயில்லயும் வலக்காலைத் தொங்கவிட்டு முயலகனை மிதிச்சிருப்பார். இங்க மட்டும் இடக்கால். சின்முத்திரையும் இடக்கையில. மரபை மீறின சிற்பி. இதுவரைக்கும் யாருமே எழுதலை.”

தாளின் நடுவில் இணையத்திலிருந்து எடுத்த படம் ஒன்று அச்சாகியிருந்தது. அதன்கீழ் அவள் கவனமாக எழுதியிருந்தாள்: பக்கத் தூணில் உள்ள கல்வெட்டு சிதைந்துபோய், வாசிக்க இயலாத நிலையில் உள்ளது.

“நேர்ல பாத்தீங்களா?”

“படம் தெளிவாவே இருக்கு, மேடம்.”

“பாத்துட்டு வாங்க.”

“வெள்ளிக்கிழமைக்குள்ள…”

“விளாங்கரைக்கு டவுன் பஸ் போகுது.”

சாருமதி போகவில்லை.

போகும் நேரத்தில் திட்டத்தை மெருகேற்றலாம் என்று எண்ணினாள். நூலகத்தில் உட்கார்ந்து அடிக்குறிப்புகளைக் கூட்டினாள். முன்னுரையை மூன்றாம் முறையாகத் திருத்தினாள். அது மிக அழகான முன்னுரை. உலகத்தில் இல்லாத ஒன்றைப் பற்றி அவ்வளவு அழகாக எழுதுவதற்குப் படிப்பு வேண்டும்.

வியாழக்கிழமை பிற்பகல் மீண்டும் ஆசிரியையின் முன் நின்றாள்.

“போயிட்டு வந்தீங்களா?”

“காலையில போனேன், மேடம்.”

“எப்படி இருந்தார்?”

“அப்படியே படத்துல இருக்கிற மாதிரி. இடக்கால் நேரே கீழ இறங்குது. முழங்கால் வழவழன்னு இருக்கு. பாதத்துல அந்த விரல் நுனி இருக்கே, சிற்பி உயிரைக் குடுத்துச் செதுக்கியிருக்கார். நான் ரொம்ப நேரம் அந்தக் காலையே பாத்துக்கிட்டு நின்னேன்.”

ஹெப்சிபா கடைசிச் சொல்வரை கேட்டார். பேனாவைத் திறந்தார். முனை தாளைத் தொட்டது.

“வேட்டி என்ன நிறம்?”

“எந்த வேட்டி, மேடம்?”

ஹெப்சிபா பேனாவை மூடினார்.

“இன்னைக்கு வியாழக்கிழமை,” என்றார்.

சாருமதி நின்ற இடத்திலேயே நின்றாள்.

வியாழக்கிழமை. குருவின் நாள். எந்த ஊரிலும் அன்று தட்சிணாமூர்த்தியின் காலைப் பார்த்தவர் கிடையாது. இடுப்பில் வேட்டி, கழுத்திலிருந்து பாதம்வரை கொண்டைக்கடலை மாலை. முகம் மட்டும் தெரியும்.

இது அவளுக்குத் தெரியாத செய்தியன்று. மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிய ஆண்டு முழுவதும் புதன் இரவில் கடலை ஊறவைத்து, விடியலில் ஊசியில் கோத்து, வியாழன்தோறும் கொண்டுபோய்ச் சாத்தியவள் அவள். ஊசி குத்திய விரலை வாயில் வைத்துக்கொண்டு, அந்த வேட்டிக்கு முன்னால்தான் நின்றிருக்கிறாள்.

ஆய்வு செய்யத் தொடங்கியதும் அவளே அந்த வேட்டியை உருவிவிட்டிருந்தாள்.

“மேடம், நான்…”

“நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும் ஆபீஸ் இருக்கும்.”

ஹெப்சிபா வேறொரு மாணவனின் கட்டுரையைத் திருத்தத் தொடங்கினார். திட்டினால்கூட நன்றாயிருந்திருக்கும். திட்டுக்குப் பதில் சொல்லலாம்.

வெள்ளிக்கிழமை முதல் பேருந்தில் சாருமதி விளாங்கரையில் இறங்கினாள்.

தெற்குச் சுவரின் மாடத்தில் அவர் மஞ்சள் வேட்டியோடு இருந்தார். நேற்றைய கடலை மாலைகள் வாடிக் கறுத்துத் தொங்கின.

குருக்கள் நிமிர்ந்து பார்த்தார்.

“பிள்ளைக்குப் பரீட்சையா, மாமி?”

“இல்லை. எனக்கு.”

“யாருக்கு?”

“எனக்குத்தான், சாமி. வேட்டி எப்ப மாத்துவீங்க?”

அவர் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். “மூலவருக்கு அபிஷேகம் ஆகணும். அப்புறம்தான் இவருக்கு. நேரமாகும். உக்காருங்கோ.”

நேரமாயிற்று. அவள் உட்கார்ந்திருந்தாள். பேருந்து ஒன்று வந்து போனது. இன்னொன்றும் போனது.

குருக்கள் மாலைகளைக் களைந்தார். வேட்டியை அவிழ்த்தார். நீரை ஊற்றினார்.

வலக்கால்.

நேரே கீழே இறங்கி முயலகனை மிதித்திருந்தது வலக்கால். சின்முத்திரை காட்டியது வலக்கை.

ஒரு கணம், கல்தான் தவறு செய்துவிட்டது என்று சாருமதி நினைத்தாள்.

பையிலிருந்து தாளை எடுத்தாள். படத்தில் இடக்கால். கல்லில் வலக்கால். அவள் தாளைத் திருப்பி, பின்பக்கத்தைத் தன் முகத்துக்கு நேராக வைத்து, வெயிலுக்கு எதிரே பிடித்தாள்.

குரு சரியாக உட்கார்ந்தார். யாரோ இடம் வலம் மாற்றி இணையத்தில் ஏற்றிய படம். பக்கத் தூணில், சிதைந்ததாக அவள் எழுதியிருந்த கல்வெட்டு நேராகத் திரும்பி நின்றது. ஓர் எழுத்தும் சிதையவில்லை. முதல் சொல்லை ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்று அவளால் வாய்விட்டுப் படிக்க முடிந்தது.

“என்ன மாமி, ஸ்லோகமா?” என்றார் குருக்கள்.

“இல்லை, சாமி.”

நிலம் பிளந்து அவளை விழுங்கவில்லை. தரை ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். அவள் அங்கேயே உட்கார்ந்தாள்.

தாழ உட்கார்ந்ததால், படத்தில் வெட்டுப்பட்டிருந்த பகுதி அவள் கண்ணுக்கு நேரே வந்தது. குருவின் காலடியில் சீடர்கள் இருந்தார்கள். அவர்களை அவள் வாழ்நாள் முழுவதும் கும்பிட்டிருக்கிறாள். பார்த்தது அன்றுதான்.

மாலை நான்கரைக்கு ஹெப்சிபாவின் அறைக்கதவைத் தட்டினாள். புடவைக் கரையில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தது.

ஹெப்சிபா தலையை நிமிர்த்தாமல் கேட்டார்:

“வேட்டி?”

“கட்டியிருந்தது மஞ்சள், மேடம். மாத்திக் கட்டினது வெள்ளை, பச்சைக் கரை. கரையில ஒரு இடத்துல எலி கடிச்சிருக்கு. அந்த இடத்தை உள்ள மடிச்சுக் கட்டினார்.”

ஹெப்சிபா நிமிர்ந்தார்.

“கால்?”

“வலக்கால்.”

சொல்லிவிட்டு அவள் தாளை மேசைமேல் வைத்தாள். அழவில்லை. அழுதால் அதற்கும் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும்.

“படம் இடம் வலம் மாறினதுன்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியும், இல்லையா மேடம்?”

“கீழ யார் இருக்கா?”

“சீடர்கள்.”

“எப்படி இருக்காங்க?”

“தாடி. நெஞ்சு வரைக்கும் தாடி. ஒருத்தருக்கு முதுகே கூனிப் போச்சு.”

“குருவுக்கு?”

சாருமதி ஆசிரியையைப் பார்த்தாள். காதோரம் சுருண்ட முடியை, பையின் வாரில் தொங்கிய பொம்மைச் சாவிக்கொத்தை, மேசைக்கடியில் கழற்றிப் போட்டிருந்த ரப்பர் செருப்பைப் பார்த்தாள்.

“மீசைகூட முளைக்கலை, மேடம்.”

ஹெப்சிபா பேனாவைத் திறந்து மேசையில் வைத்தார்.

“ஆபீஸ் இன்னும் திறந்துதான் இருக்கு. வேற சிற்பம் வெச்சு எழுதிக் குடுங்க. கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.”

சாருமதி பேனாவை எடுத்து, மூடி, ஆசிரியையின் பக்கமாகத் தள்ளிவைத்தாள். “ரெண்டு வருஷமும் இருக்கேன், மேடம்.”

திங்கட்கிழமை காலை அவள் வகுப்புக்குள் நுழைந்தபோது, தாமதமாகச் சேர்ந்திருந்த ஒரு மாணவி பதறிப்போய் எழுந்து நின்றாள். பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது.

சாருமதியின் காதுமடல்கள் சுட்டன.

“உக்காரும்மா. நானும் உன் கிளாஸ்தான்.”

அவள் கடைசி வரிசைக்குப் போகவில்லை. முதல் வரிசையில் அந்தப் பெண்ணின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

தாழ்வாரத்தில் ரப்பர் செருப்பின் ஓசை கேட்டது.

சாருமதி எழுந்து நின்றாள்.