தண்ணீர் குடித்த கந்தக அமிலம்

ஒரு ரசாயன ஆலையில் இரும்புத் தொட்டி ஒருத்தி வெகுநாளாகக் காலியாகக் கிடந்தாள். மாதக் கடைசிக்குள் யாரும் குடிவராவிட்டால் அவளைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடப்போவதாக மேலாளர் சொல்லியிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் அடர் கந்தக அமிலம் வீடு தேடி வந்தார். பெயரைக் கேட்டதுமே மற்ற தொட்டிகள் மூடியைச் சாத்திக்கொண்டன.

"தப்பா நினைக்காதீங்க. நைட்ரிக் அமிலத்துக்கு மட்டும்தான் நாங்க வாடகைக்கு விடுறது" என்றாள் பக்கத்து எவர்சில்வர் தொட்டி, தன் பளபளப்பைத் தானே பார்த்துக்கொண்டு.

இரும்புத் தொட்டிக்கு வேறு வழியில்லை. "உள்ள வாங்க" என்றாள்.

வந்த வேகத்திலேயே அமிலம் சுவரைப் பிறாண்டினார். "இதெல்லாம் ஒரு வீடா? வெறும் தகரம்!" பிறாண்டியது சாம்பல் நிறப் படலமாகச் சுவரிலேயே படிந்து, இருவருக்கும் நடுவே திரைபோல நின்றுவிட்டது. அதன்பிறகு அவர் அந்தப் பக்கம் திட்டிக்கொண்டிருந்தார். இவள் இந்தப் பக்கம் நிம்மதியாக இருந்தாள். மேலாளரும் பழைய இரும்புக் கடைப் பேச்சை விட்டுவிட்டார்.

எவர்சில்வருக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏண்டி, அந்த மனுஷன் வாயைத் திறந்தாலே வசவு. குடிவந்தவருக்கு ஒரு சொம்பு தண்ணியாவது குடுத்தியா?"

"அவர் கேக்கலையேக்கா."

"கேட்டாத்தான் குடுப்பியா? நல்லா இருக்குடி உன் உபசாரம்!"

இரும்புத் தொட்டிக்கு மானமே போய்விட்டது. உடனே தண்ணீர்க் குழாயைக் கூப்பிட்டாள். முதல் வாய்க்கே அமிலம் கொதித்துக் குதித்தார். "சூட்டு உடம்பு, குடிங்க" என்று அவள் விடவில்லை. ஊற்ற ஊற்ற அடங்கினார்.

மறுநாள் காலை, "நல்லா தூங்கினீங்களாம்மா?" என்று கேட்டார்.

தொட்டியின் உள்சுவரெங்கும் குமிழி குமிழியாக எழுந்தது. புல்லரிப்பு என்றுதான் அவள் நினைத்தாள்.

"நமக்குள்ள எதுக்கும்மா திரை?" என்றார் அமிலம். ஊற்றிய தண்ணீரில் படலம் கரைந்துபோயிருந்தது. திட்டிய நாளெல்லாம் தள்ளியே இருந்தவர், இப்போது அன்போடு சுவரில் சாய்ந்துகொண்டார்.

"எவ்வளவு தன்மையான மனுஷன்!" என்று ஆலையே வியந்தது.

"அக்கா, எனக்கு இடுப்புப் பக்கம் கொஞ்சம் மெலிஞ்ச மாதிரி இருக்கு" என்றாள் தொட்டி, மெதுவாக.

"கொடுத்துவச்சவடி நீ. இந்தக் காலத்துல யாருக்கு உடம்பு இளைக்குது?"

அன்று சாயங்காலம் அவள் அடிவயிற்றில் ஓட்டை விழுந்தது. அதன் வழியாக வெளியேறியபோதும் அமிலம் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. "போயிட்டு வரேம்மா, உடம்பைப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.