முதுகுக்கு வந்த விருந்தாளி

ஒரு ஊரில் ஒரு முதுகு இருந்தது. அந்த முதுகுக்கு ஒரு ஆளும் இருந்தான். தங்கப்பழம் என்று பெயர். தானியப் பேட்டையில் லோடுமேன். லாரியில் வரும் உளுந்து மூட்டைகளை இறக்கிக் கிட்டங்கிக்குள் கொண்டுபோய் அடுக்குவது வேலை. தங்கப்பழம் அதிகம் பேசமாட்டான். ஆனால் அவன் உடம்புக்குள்ளே சதா பேச்சுதான். அதில் பாதிக்கு மேல் முதுகின் அதட்டல்.

யார் பேச்சையும் அது கேட்டதில்லை. “கொஞ்சம் நின்னுட்டுப் போவமா?” என்று கால்கள் கேட்கும். “வீட்ல போயி நில்லுங்க,” என்று முதுகு சொல்லும். “எங்களுக்கு நோவுது,” என்று கைகள் சொல்லும். “செமக்கது நானு, ஒங்களுக்கு என்ன நோவு?” என்று வாயை அடைத்துவிடும். அடங்காப்பிடாரி என்பார்களே, அந்த ரகம். அப்படிப்பட்டவர்களை எனக்கும் பிடிக்கும்தான், கொஞ்சம் எட்ட இருந்து பார்க்கும்வரை.

இப்படியே இருபது வருஷம் ஓடியது.

ஒரு ஆடி மாதம், அம்மன் கோயில் கொடைத் திருவிழா. மத்தியானத்துக்குள் லாரியைக் காலி செய்துவிட்டால் கொடைக்குப் போய்விடலாம். காலையிலிருந்து சாரல். லாரிக்கும் கிட்டங்கி வாசலுக்கும் நடுவில் போட்டிருந்த பலகை நனைந்து மின்னியது.

“ரெண்டு மூட்டையா ஏத்தும்வே,” என்றான் தங்கப்பழம், கூட வேலை பார்க்கும் அந்தோணியிடம்.

“பலகை நனைஞ்சு கெடக்கு. ஒண்ணொண்ணாப் போவும்வே.”

“ஏத்தும்னா ஏத்தும். கொடைக்குப் போவாண்டாமா?”

அந்தோணியும் இன்னொருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூட்டையை ஏற்றிவிட்டார்கள். “வழுக்குது, வழுக்குது,” என்று கால்கள் கெஞ்சின. “மூச்ச அடக்கி ஒரே எம்பு. சோலி முடிஞ்சுது,” என்றது முதுகு. பலகையில் மூன்றாவது எட்டு வைக்கும்போது சோலி முடிந்தது. ஆள் கீழே, மூட்டை மேலே.

பெரியாஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “நடு முதுகுக்குக் கீழ ஒரு எலும்பு நசுங்கியிருக்கு. நரம்பு தப்பிச்சிருக்கு, அது ஒங்க நல்ல நேரம். ஆறு வாரம் அசையாமப் படுக்கணும். அப்புறம் பெல்ட் போட்டு, ரெண்டு பேர் பிடிச்சுத்தான் எந்திரிக்கணும். தனியா எம்பி எந்திரிச்சீங்கன்னா நரம்பு அடிபட்டுக் காலு ரெண்டும் போயிரும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது.”

தங்கப்பழத்தின் பெண்சாதி பேச்சியம்மாள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டாள். முதுகு கேட்டதா என்றால், சந்தேகம்தான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்திய அன்றைக்கே வலி வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் வந்து, முதுகின் நடுவில் பாய் விரித்து உட்கார்ந்துகொண்டது.

“யாரு நீ?” என்று முதுகு கேட்டது.

“வலி.”

“எப்பப் போவ?”

“இப்பத்தானவே வந்திருக்கேன்.”

“விருந்தும் மருந்தும் மூணு நாளும்பாவ. நாலாம் நாளு ஒன்ன நான் இங்க பாக்கக் கூடாது.”

“நான் விருந்துக்கு வரல. வேலைக்கு வந்திருக்கேன்,” என்றது வலி.

“அப்படி என்ன வேலை?”

கேட்டுக்கொண்டே முதுகு கொஞ்சம் புரண்டு படுக்கப் பார்த்தது. வலி ஒரு பிடி பிடித்தது. தங்கப்பழம் போட்ட சத்தத்தில் தெருமுனை டீக்கடைக்காரர் கரண்டியோடு ஓடிவந்தார்.

நாலாம் நாளும் வலி போகவில்லை, நாற்பதாம் நாளும் போகவில்லை. பேச்சியம்மாள் துணி நனைத்து உடம்பைத் துடைத்துவிட்டாள், கஞ்சி ஊட்டினாள், மலஜலத்துக்குப் பீங்கான் வைத்து எடுத்தாள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அதுதான் முதுகுக்குத் தாங்கவில்லை. ஊர்ப் பாரமெல்லாம் சுமந்துவிட்டு இப்போது நாமே ஒரு பாரமாகக் கிடக்கிறோமே என்று குமைந்தது. ஒருநாள் அவள் அடுப்படிக்குப் போன பிறகு தங்கப்பழம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். பாவமாகத்தான் இருந்தது.

கால்களோ மெலிந்துகொண்டே வந்தன. “இப்படியே கெடந்தா எங்களுக்கு நடையே மறந்துபோவும்,” என்று ஒன்று சொல்லும். “நடக்கவா? ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க,” என்று மற்றது சொல்லும். “எல்லாம் இந்த வலியால வந்தது. இவன் போயிட்டாம்னா அன்னைக்கே நான் நிப்பேன்,” என்று முதுகு சாதிக்கும்.

ஆறு வாரம் முடிந்தது. பெல்ட் வந்தது. மறுநாள் சாயந்தரம் அந்தோணி வருவதாகவும், அவனும் பேச்சியம்மாளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து எழுப்புவதாகவும் பேச்சு.

மறுநாள் விடிந்ததிலிருந்தே முதுகுக்கு உள்ளுக்குள் எரிந்தது. என்னைத் தூக்க ரெண்டு ஆளா? பேட்டையில் தெரிந்தால் என்ன சொல்வார்கள்? பேச்சியம்மாள் பெல்ட்டைக் கட்டிவிட்டுத் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனாள்.

“இப்பம்,” என்றது முதுகு.

“டாக்டர் ரெண்டு பேர் வேணும்னாரே,” என்றன கைகள்.

“ஒரு மூட்டையவிட நான் கனமா? பிடிங்க கட்டிலை.”

வேறு யாராக இருந்தாலும், படுத்துக் கிடந்த உடம்பு என்று மெல்ல ஒருக்களித்து எழுந்திருக்கப் பார்த்திருப்பார்கள். லோடுமேன் முதுகுக்கு ஒரே வித்தைதான் தெரியும். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து அடக்கியது. பல்லைக் கடித்தது. மல்லாந்த வாக்கிலேயே ஒரே எம்பு.

ஒரு சாண் கூட எழும்பியிருக்காது. வலி இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்துப் போட்டது. கட்டில் சுவரில் இடித்தது. தங்கப்பழத்துக்குச் சத்தம் போடக்கூட மூச்சு இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து முதுகு மெதுவாகக் கூப்பிட்டது. “ஏ, கால்களா.”

பதில் இல்லை.

“ஏ, வெளையாடாதீங்க. இருக்கீங்களா?”

பதில் இல்லை. இருபது வருஷமாக யாருக்கும் பயப்படாத முதுகு, அப்போது பயந்தது. விரலை அசைக்கச் சொன்னது. அசைந்ததா இல்லையா என்று தெரியவில்லை. வெளியே குழாயடியில் யாரோ சிரித்துப் பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

“இருக்கோம்,” என்றது இடது கால், ரொம்ப நேரத்துக்குப் பிறகு. “எங்க இருக்கோம்னுதான் செத்த நேரம் தெரியல.”

“இன்னும் ஒரு சாண் எம்பியிருந்தா, இவுக ரெண்டு பேரும் என்னைக்குமே பதில் சொல்லியிருக்க மாட்டாவ,” என்றது வலி. அதற்கும் மூச்சு வாங்கியது. “என்ன வேலைன்னு கேட்டீரே. இதான் வேலை.”



சுவரில் ஆணியில் ஒரு துண்டு தொங்கியது. மூட்டை சுமக்கும்போது தலைக்கும் பிடரிக்கும் சும்மாடாகச் சுற்றுகிற துண்டு. அது பொதுவாக வாய் பேசாது. “நானும் ஒண்ணு கேக்கட்டா?” என்றது. “இத்தன வருஷத்துல ஒரு மூட்டையாவது நீயா எடுத்து ஒம் மேல வச்சிருக்கியா?”

“அதெப்படி முடியும்? ஏத்திவிட ரெண்டு ஆளு வேணும்லா?”

“‘கை குடும்வே, கை குடும்வே’ன்னு நாளைக்கு நூறு தடவ கேட்ட. அப்பக் கூசலையே?”

“அது மூட்டைக்கு.”

“இப்ப நீதானவே மூட்டை,” என்றது துண்டு.

குடத்தோடு உள்ளே வந்த பேச்சியம்மாள், கட்டில் கோணலாகக் கிடப்பதையும் அவன் முகத்தில் வேர்வை ஓடுவதையும் பார்த்துவிட்டாள். குடம் கை நழுவி வீடெல்லாம் தண்ணீர். “என்ன செஞ்சீய? ஏன் இப்படிச் செய்தீய? காலு போச்சுன்னா நான் என்ன செய்வேன்? ஒங்க வீம்புதான் பெருசு, நான் பெருசில்ல, அப்படித்தான?” என்று ஏசிக்கொண்டே அழுதாள். ஏசிக்கொண்டே அவன் கால்விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

“எல்லாம் அசையுது. அழாத,” என்றான் தங்கப்பழம். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக வீட்டுக்குள் வைத்து அந்த வார்த்தையைச் சொன்னான். “அந்தோணி வரட்டும். ரெண்டு பேருமாக் கை குடுங்க.”

சாயந்தரம் அந்தோணி வந்தான். டாக்டர் சொன்னபடியே செய்தார்கள். முதலில் மரக்கட்டை உருள்வதுபோல மொத்த உடம்பும் ஒருக்களித்தது. கால்கள் கட்டிலுக்குக் கீழே தொங்கின. கைகள் ஊன்றின. “மூச்ச அடக்காதீரும். விடும். விட்டுக்கிட்டே வாரும்,” என்றது வலி. முதுகு விட்டது. “நில்லும்,” என்றது வலி. நின்றது. “இப்ப வாரும்,” என்றது. வந்தது.

தங்கப்பழம் எழுந்து நின்றான். இரண்டு பக்கமும் இரண்டு தோள். கால்கள் கோழிக்குஞ்சு போல நடுங்கின.

“கொடைக்குச் சப்பரம் தூக்கிருக்கேன், அது லேசு. ஒம்மத் தூக்குததுதான்வே கஷ்டம்,” என்றான் அந்தோணி. பேச்சியம்மாள் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும். முதல் வாரம் வாசற்படிவரை. அடுத்த வாரம் வேப்பமரம்வரை. அங்கே மூன்று வாரம் நின்றுபோயிற்று, நடுவில் ஒரு காய்ச்சல். பிறகு டீக்கடைவரை. டீக்கடைக்காரர் அன்றைக்குக் கொடுத்த டீயில் சர்க்கரை இரட்டிப்பு.

முதுகும் வலியும் இதற்குள் பேசிப் பழகிவிட்டிருந்தன. “இந்தப் படி ஏறலாமா?” என்று முதுகு கேட்கும். “ஏறும், கைப்பிடிய விடாதீரும்,” என்று வலி சொல்லும். “குனியலாமா?” “முழங்காலை மடக்கும், இடுப்ப மடக்காதீரும்.” சில நாள் சண்டையும் உண்டு. மழைக்காலத்தில் வலிக்குக் கோபம் அதிகம். ஆனால் உட்கார்ந்த இடம் மாறிக்கொண்டே வந்தது. நடுவீட்டிலிருந்து திண்ணைமூலைக்கு வருவதுபோல, மெல்ல மெல்ல ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டது.

எட்டாம் மாதம் தங்கப்பழம் பேட்டைக்குத் திரும்பினான். சுமக்க அல்ல. ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து, கோணி ஊசியில் சணலைக் கோத்து மூட்டை வாயைத் தைக்கிற வேலை. முதல் வாரம் முதுகுக்கு ஏக்கமாக இருந்தது. பிறகு ஒரு விஷயம் பிடிபட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தால் பேட்டை முழுவதும் தெரிகிறது. புறா தெரிகிறது, லாரியில் எழுதியிருப்பது தெரிகிறது, அந்தோணிக்கு நரை விழுந்திருப்பது தெரிகிறது. இருபது வருஷமாகக் குனிந்தே போனதில் தரையைத் தவிர எதையும் பார்த்ததில்லை. சந்தோஷமாகவே இருந்தது.

ஒருநாள் விடிந்ததும் முதுகுக்கு என்னவோ போலிருந்தது. உற்றுக் கவனித்தது. வலியைக் காணோம். ஓரத்திலும் இல்லை, மூலையிலும் இல்லை. கூப்பிட்டுப் பார்த்தது, பதில் இல்லை. கால்கள் துள்ளாத குறை. பேட்டைக்குப் போகிற வழியெல்லாம் கைகள் வீசி வீசி வந்தன.

போய்ச் சேர்ந்தால், அவனுடைய ஸ்டூலுக்கு முன்னால் ஒரு உளுந்து மூட்டை குறுக்கே கிடந்தது. பக்கத்தில் ஆள் இல்லை. எல்லோரும் டீக்குப் போயிருந்தார்கள். ஒரே ஒரு மூட்டை. நகர்த்தினால் போதும்.

யாரும் சொல்லாமலே கைகள் மூட்டையின் இரண்டு காதையும் பிடித்துவிட்டன. கால்கள் அகன்று ஊன்றின. நெஞ்சில் மூச்சு ஏறி நின்றது.

குனிந்த இடத்தில் முதுகு ஒரு கணம் காத்திருந்தது. வலி ஏதாவது சொல்லும் என்று பார்த்தது. ஒரு சத்தமும் இல்லை.

“விடுங்க,” என்றது முதுகு.

கைகளுக்குப் புரியவில்லை. “யாரு சொல்லுதா? வலி வந்திருச்சா?”

“அது ஊர்லயே இல்ல. நாந்தான் சொல்லுதேன்,” என்றது முதுகு.