ஒட்டுப்போட்ட ரப்பர் மீன்

தூண்டில் சங்கத் தலைவரே, அந்தப் பதினெட்டுக் கிலோ கொடுவா மீனைப் பிடித்தது நீர் இல்லை. உமக்குப் படகு வலித்த சேசடிமை. அவன் கழிமுகத்தில் மூழ்கிச் செத்த மறுவாரமே, அதைப் பிடிக்க அவன் தூண்டிலில் இரையாக மாட்டியிருந்த ரப்பர் மீனைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, கீழே உம் பெயரை எழுதிக்கொண்டீர்.

சங்க விழாவன்று அவன் மனைவி ரீத்தம்மாள் வந்தாள். அங்கே பாத்திரம் கழுவுகிறவள்.

"அது என் வீட்டுக்காரர் பிடிச்ச மீனுங்க."

"செத்தவன் வந்து சாட்சி சொல்வானா? இல்ல, மீன் வந்து சொல்லுமா?" என்று சிரித்தீர்.

"தப்பா நினைக்காதீங்கய்யா. ரப்பர் மீன் கிழிஞ்சா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"தூக்கி எறிவேன். கிழிஞ்சதை மாட்ட நான் என்ன பிச்சைக்காரனா?" கூட்டத்தைப் பார்த்து மார்தட்டினீர்.

"நீங்க எறியிறதுல கறுப்பா பார்த்து அவர் பொறுக்குவாரு. கலங்கின தண்ணியில கறுப்பைத்தான் மீன் கவ்வும்பாரு. கிழிசலைப் பீடி நெருப்புல உருக்கி ஒட்டுவாரு. பெட்டியில இருக்கிறதைத் திருப்பிப் பாருங்கய்யா."

மீன் ஏலம் விடுகிறவன் நான், எனக்கென்ன கூச்சம்? நானே எடுத்துத் திருப்பினேன். வயிற்றில் தழும்பு மாதிரி நீளமாக ஒட்டு. அதைத் தடவிய பிறகுதான் ரீத்தம்மாள் அழுதாள். நீர் காரைப் பார்த்து நடந்தீர்.

மூன்று மாதமாயிற்று. பெட்டியில் இன்னும் உம் பெயர்தான். அதைத் தாண்டித்தான் அவள் தினமும் பாத்திரம் கழுவப் போகிறாள். வாழ்நாளெல்லாம் பேரம் பேசியவன் நான். இதில் பேரமே கிடையாது. உம் பெயரை உம் கையாலேயே சுரண்டி எடுத்துவிட்டு, சேசடிமை என்று எழுதும்.