ஏழாம் டேபிள் ரோஸ்ட்

"டீச்சர், பதில் வரல!"

ஆவுடையப்பன் மூச்சிரைக்க வந்து நின்றார். திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கு அவர் பொறுப்பு. வயது ஐம்பத்து நாலு. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட எஸ்தருக்கு இருபத்தேழு. ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரும் மதுரை மருந்துக் கம்பெனி கம்ப்யூட்டரும் பேசிக்கொள்கிற கேட்வேயைப் பார்த்துக்கொள்பவள்.

"என்ன அனுப்பினீங்க அண்ணாச்சி?"

"டயாலிசிஸ் திரவம், நாற்பது பெட்டி. கிடைச்சுதுன்னு பதில் வரணும்லா? ஒரு மணி நேரமாச்சு! நாலு மணிக்கு அங்க வண்டி கிளம்பிரும். நாளைக்குக் காலையில பதினெட்டுப் பேர் கையை நீட்டிக்கிட்டுப் படுத்திருப்பாங்க!"

"போன்?"

"பாட்டுதான் கேக்கு."

"திரும்ப அனுப்புங்களேன்."

"முதல்ல அனுப்பினதும் போய்ச் சேர்ந்திருந்தா? எண்பது பெட்டி ஆயிரும். அங்க இருக்கதே எண்பதுதான். தென்காசி ஆஸ்பத்திரிக்கு ஒரு பெட்டிகூட மிஞ்சாது. புது நம்பர் போட்டு இன்னொரு ஆர்டர் அடிச்சு வச்சிருக்கேன். பட்டனை அமுக்கக் கை வரல. பயமா இருக்கு டீச்சர்."

எஸ்தர் எழுந்தாள்.

"வாங்க, ரோஸ்ட் சாப்பிடலாம்."

இந்த நேரத்தில் ரோஸ்ட்டா! மனுஷனுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. ஆனாலும் பின்னாலேயே போனார். குரு என்று ஒருதரம் சொல்லித் தொலைத்துவிட்டாரே, என்ன செய்ய?

கீழே கேன்டீனில் ஒரே இரைச்சல். ஏழாம் டேபிளில் உட்கார்ந்தார்கள். எஸ்தர் ஒரு ரோஸ்ட் சொன்னாள்.

"ஏழாம் டேபிள், ஒரு ரோஸ்ட்!" சர்வர் பால்துரை சமையல்கட்டைப் பார்த்துக் கத்தினார்.

மாஸ்டரிடமிருந்து சத்தமே இல்லை.

"ஏழாம் டேபிள், ஒரு ரோஸ்ட்!"

"ஏழு, ஒரு ரோஸ்ட்டேய்!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

ரோஸ்ட்டும் வந்தது. ஒன்றுதான். ஆவுடையப்பன் பால்துரையின் இன்னொரு கையைப் பார்த்தார். காலி.

"முதல் தடவை மாஸ்டர் காதுல விழலையோ?"

"விழாம என்ன சார்? அப்பவே கல்லுல ஊத்திட்டாரு."

"ரெண்டு தடவை கத்தினீங்களே, ரெண்டுல்லா ஊத்தியிருக்கணும்?"

"எதுக்கு? ரெண்டு தடவையும் ஏழாம் டேபிள்னுதான சொன்னேன்."

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. ஆவுடையப்பன் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார்.

புது ஆர்டரை அழித்தார். பழையதைத் திறந்தார். ஆர்டர் நம்பர் 4417. அந்த நம்பரோடு, அப்படியே, திரும்ப அனுப்பினார்.

திரையில் பதில் விழுந்தது.

'4417 ஏற்கெனவே பெறப்பட்டது. நாற்பது பெட்டிகள் வண்டியில் ஏற்றப்பட்டன.'

அவர் படிக்கட்டுக்கு ஓடி வந்து கத்தினார்.

"டீச்சர், நாற்பதுதான்!"

கீழே இரைச்சல். பதில் இல்லை.

"டீச்சர், நாற்பதுதான்!"

"நாற்பதுதான்!" என்று குரல் வந்தது, வாய் நிறைய ரோஸ்ட்டோடு.