செம்பனுக்கு முளைக்காத பல்

மலையடிவாரக் காட்டில் ஒரு காட்டுப்பன்றி தன் மகன் செம்பனோடு வாழ்ந்து வந்தது. செம்பன் குட்டிப் பருவம் தாண்டி வளரும் வயதில் இருந்தது.

அந்த வயதுப் பன்றிகளுக்கெல்லாம் இரண்டு பக்கமும் கோரைப்பல் முளைத்துவிட்டது. செம்பனுக்கோ வலப்பக்கம் மட்டும்தான் முளைத்தது. இடப்பக்க ஈறு வீங்கி வலித்தது.

"ஒற்றைக் கோரையா!" என்று மற்ற பன்றிகள் கேலி செய்தன. அன்று முதல் செம்பன் யாருக்கும் வாயைத் திறந்து காட்டவில்லை. கிழங்கு தோண்டவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை. உடம்பு இளைத்துக்கொண்டே போனது.

தாய் பதறிப்போய்ச் செம்பனைக் கரடியிடம் அழைத்துச் சென்றது.

"இது தேன் தின்ற வினை! வேப்பிலையை மெல்!" என்றது கரடி.

"நான் தேனே தின்றதில்லையே!" என்று முனகியது செம்பன்.

"அப்படியா? அப்படியானால் இது தேன் தின்னாத வினை! வேப்பிலையையே மெல்!"

செம்பன் மென்றது. வாய் கசந்ததுதான் மிச்சம்.

அடுத்து இரண்டும் முள்ளம்பன்றியிடம் போயின. "பல் உள்ளே தூங்குகிறது. நாளெல்லாம் மரப்பட்டையைக் கடி, விழித்துக்கொள்ளும்!" என்றது அது. செம்பன் கடித்தது. வீக்கம் இன்னும் பெரிதானது.

மரத்திலிருந்த குரங்கு கத்தியது: "ஐயையோ, கடிக்கவே கூடாது! உனக்கு அந்தப் பல்லே கிடையாது. இல்லாத பல்லுக்கு வைத்தியம் எதற்கு?"

செம்பனுக்குத் தலை சுற்றியது. கடிப்பதா, கடிக்காமல் இருப்பதா? பல் தூங்குகிறதா, பல்லே இல்லையா? இல்லாத பல் எப்படி வலிக்கும்? தாயும் குழம்பிப்போனது. காலையில் "மெல்லுடா!" என்றது. மாலையில் "மெல்லாதேடா!" என்றது.

கடைசியில் செம்பன் பசி தாங்காமல் ஓர் அத்திமரத்தடியில் சுருண்டு விழுந்தது. மேலே பழம் தின்றுகொண்டிருந்த இருவாச்சிப் பறவை, அலகின்மேல் இன்னோர் அலகு வைத்தாற்போன்ற தன் பெரிய மூக்கோடு இறங்கி வந்தது. தாய் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னது.

"நீயாவது சொல்லேன், இது என்ன நோய்?"

"எனக்கெப்படித் தெரியும்? தெரியாததால்தான் பார்க்க வேண்டும். தம்பி, வாயைத் திற!"

"மாட்டேன்! நீயும் சிரிப்பாய்!"

"என் மூக்கைப் பார்த்தாயா? இதைச் சுமந்துகொண்டு நான் யாரைப் பார்த்துச் சிரிப்பது?"

செம்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய் தானாகத் திறந்தது. இருவாச்சி தலையைச் சாய்த்துச் சாய்த்து உள்ளே பார்த்தது.

"அடடா! பால்பல் விழாமல் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. புதுப்பல் வெளியே வர முடியாமல் கோணலாக முட்டுகிறது. பால்பல்லைப் பிடுங்க வேண்டும். வலிக்கும், பொறுத்துக்கொள்வாயா?"

செம்பன் தாயைப் பார்த்தது. பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு தலையாட்டியது. இருவாச்சி நீண்ட அலகால் ஒரே இழுப்பாக இழுத்தது. செம்பன் போட்ட அலறலில் காடே அதிர்ந்தது.

சில நாட்களில் ஈறு ஆறியது. புதுப்பல் மெல்ல மெல்ல எட்டிப் பார்த்தது. கொஞ்சம் கோணல்தான். ஆனாலும் கிழங்கு தோண்ட அது போதுமாக இருந்தது.

"என் வேப்பிலை வேலை செய்துவிட்டது!" என்றது கரடி.

"இல்லை, என் மரப்பட்டை!" என்றது முள்ளம்பன்றி.

"பல்லே இல்லை என்று நான் சொன்ன ரோஷத்தில்தான் முளைத்தது!" என்றது குரங்கு.

செம்பன் கிழங்கை நறுக்கென்று கடித்தபடி அவற்றை மாறி மாறிப் பார்த்து விழித்தது.

நோயை மறைப்பவனுக்கும் சரி, பார்க்காமலே மருந்து சொல்பவனுக்கும் சரி, குழப்பம்தான் மிஞ்சும்.